சிங்கக்குட்டிக்கு வேட்டை பொறப்புலயே வருதா, பழகி வருதா, தாய் சொல்லிக் குடுக்குதா?

கோட்டை அகழி

ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே போற பேச்சு இது, இங்க வச்சுப் பேசிடலாம். சிங்கக்குட்டிக்கு வேட்டை ரத்தத்துலயே இருக்கா, உருண்டு புரண்டு விளையாடிப் பழகுதா, இல்ல தாய் கத்துக் குடுக்குதா? டிவில வர்ற எல்லாப் படத்துலயும் "தாய் தன் குட்டிகளுக்கு வேட்டைப் பாடம் நடத்துகிறது"ன்னு கம்பீரமா ஒரு குரல் வருது. அதை நம்பலாமா? வீட்டுப் பூனை அரை உயிரா எலியைக் கவ்விக்கிட்டு வந்து குட்டி முன்னாடி போடுதே, சிங்கமும் அதே மாதிரியா? தெரிஞ்சவங்க வயசு, எடை, இரை எல்லாம் போட்டு எழுதுங்க. "எல்லாம் இயற்கை"ன்னு முடிச்சிடாதீங்க.

சத்துவாச்சாரி விலங்கியல்

கேள்வியைக் கொஞ்சம் உடைச்சுக்கணும். வேட்டைங்கறது ஒரே வித்தை இல்லை. இரையைக் கவனிக்கறது, வயிறு தரையில உரச பம்மிப் போறது, நெருங்கினதும் பாயறது, நகத்தால பிடிச்சு இழுத்துச் சாய்க்கறது, குரல்வளையைக் கவ்வி உயிர் போற வரைக்கும் விடாம இருக்கறது, அப்புறம் கிழிச்சுத் தின்றது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வயசுல வருது, வர்ற வழியும் வேற.

சிங்கத்தோட கர்ப்பம் சுமார் 110 நாள். குட்டி ஒண்ணரை கிலோ அளவுல, கண் திறக்காமப் பிறக்கும். முதல் ஆறு எட்டு வாரம் தாய் அதைப் புதர்லயோ பாறை இடுக்குலயோ மறைச்சு வைக்கும். அந்தக் காலத்துல வேட்டையை அது கண்ணாலகூடப் பார்க்காது. ஆனா அதுக்குள்ளயே தாயோட வால் நுனி ஆடினாப் பம்மும், பாயும். யாரும் காட்டாம வர்றது இது. அடுத்து கூட்டத்தோட சேரும், ரெண்டு மூணு மாசத்துல கறி தின்னத் தொடங்கும், ஆறேழு மாசத்துல பால் நிக்கும். வேட்டைக்குப் பெரியவங்க கிளம்பினா குட்டிங்க பின்னாடி தங்கிடும். பதினோரு மாசம் வாக்குல கூடவே போக ஆரம்பிக்கும். தனியா நம்பி விடற அளவுக்குத் தேர்றது ரெண்டு வயசுல.

ஏன் இவ்வளவு தாமதம்? பல் ஒரு முக்கியக் காரணம். பால்பல் விழுந்து நிலையான கோரைப்பல் முளைக்கறதே ஒரு வயசை ஒட்டித்தான். அது வராம வரிக்குதிரையோட குரல்வளையைப் பிடிக்கப் போனா, ஒரு உதையில தாடை போயிடும். அறிவு இருந்தும் ஆயுதம் இல்லாத காலம் அது.

குடியாத்தம் பட்டி

டீச்சர், சிங்கம் நம்மூர்ல கெடையாது, சிறுத்தை கீது. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் காட்டோரத்துல ஆடு வச்சிருக்கறவன் எவனக் கேட்டாலும் ஒண்ணுதான் சொல்லுவான்: பட்டிக்குள்ள பூந்துச்சுன்னா ஒண்ணோட நிக்காது. பத்து ஆடு இருந்தா பத்தையும் கடிச்சுப் போட்டுட்டு, தின்றது என்னவோ ஒண்ணுலதான். பசிக்கு ஒண்ணு போதுமே, மீதியை ஏன் கொல்லுது? இத்த எந்தத் தாய் சொல்லிக் குடுத்துச்சு?

சத்துவாச்சாரி விலங்கியல்

நல்ல இடத்துல கை வச்சீங்க. பூனைக் குடும்பத்துல பசி வேற, பாய்ச்சல் வேற. வயிறு நிறைஞ்ச பூனையும் ஓடற எலியைத் துரத்தும். பாய்ச்சலைக் கிளப்பி விடறது அசைவு. வெளியில ஒரு மானைப் பிடிச்சா மத்தது சிதறி ஓடிடும், சிறுத்தை கண்ணுல வேற அசைவு இருக்காது, உட்கார்ந்து தின்னும். பட்டியில ஆடு ஓட வழி இல்லை. சுத்திச் சுத்தி மோதிக்கிட்டுக் கத்தும். ஒவ்வொரு துள்ளலும் அந்த விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தும். ஆட்டுக்காரருக்குக் கோபம் வர்றது நியாயம், ஆனா அது வெறி இல்லை, நிறுத்தற சந்தர்ப்பம் கிடைக்கலை. பொறப்புலயே இருக்கற பகுதிக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேணாம்.

காட்பாடி கணக்கன்

அப்ப பொறப்புன்னு எழுதி கையெழுத்துப் போட்டுடலாமா? அவசரப்படாதீங்க. 1930ல குவோ என்ற சீன அறிவியலாளர் பூனைக்குட்டிகளை மூணு விதமா வளர்த்துப் பார்த்தார். எலி கொல்ற தாயோட வளர்ந்த 21 குட்டியில 18 எலி கொன்னது. தனியா, வேட்டையே பார்க்காம வளர்ந்த 20ல 9 கொன்னது. எலியையே கூட்டாளியா வச்சு வளர்ந்த 18ல மூணுதான் கொன்னது.

இந்த மூணு எண்ணையும் சேர்த்துப் படிங்க. யாரும் காட்டாமயே பாதிக்குக் கிட்ட கொல்லுது, அதனால பொறப்பு இல்லைன்னு சொல்ல முடியாது. தாய் கூட இருந்தா ரெண்டு மடங்கு, அதனால பொறப்பு மட்டும்னும் சொல்ல முடியாது. மூணாவது எண்தான் எனக்கு முக்கியம். எதை இரைன்னு எடுத்துக்கணும்ங்கறதை வளர்ற இடமே மாத்தி எழுதிடுது.

பாகாயம் பூனைக்காரி

கணக்கன் அண்ணா சொன்னதுக்கு இன்னொண்ணு. 1970கள்ல ஒரு சோதனையில தாய்ப்பூனைகளை வாழைப்பழம் தின்னப் பழக்கினாங்க. குட்டிங்க பக்கத்துல கறி இருந்தும் தாயைப் பார்த்து வாழைப்பழத்தைத் தின்னுச்சு! என்ன தின்னணும்ங்கறதைக் குட்டி தாய்கிட்டதான் பார்த்துக்குது. அதனால பூனை எலியைக் கொண்டாந்து போடறதுல ரெண்டு வேலை நடக்குது: "இதுதான் சாப்பாடு"ங்கறது ஒண்ணு, கைப்பழக்கம் ஒண்ணு. முதல்ல செத்த எலி வரும், குட்டிக்கு வயசு ஏற ஏற உயிரோட வரும்.

ஜவ்வாது மலைச்சாரல்

"சொல்லித் தருது"ன்னு எதைச் சொல்லலாம்ங்கறதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. 1992ல காரோ, ஹவுசர்னு ரெண்டு பேர் வச்சது. தெரியாத ஒருத்தர் எதிர்ல இருந்தாத்தான் ஆசான் தன் நடத்தையை மாத்தணும். மாத்தறதால ஆசானுக்கு உடனே லாபம் இருக்கக் கூடாது, நட்டமா இருந்தாக்கூடச் சரி. அதனால மாணவன் சீக்கிரமாவோ சிறப்பாவோ கத்துக்கணும். மூணும் சேர்ந்தாத்தான் பாடம்.

இதுல பளிச்னு தேறுறது மீர்கேட், கீரி இனத்துச் சின்ன விலங்கு. தென்னாப்பிரிக்காவோட கலஹாரியில 2006ல வெளிவந்த ஆய்வு. பெருசுங்க தேளைக் குட்டிக்குக் குடுக்கும்போது, சின்னக் குட்டின்னா கொன்னு குடுக்கும், கொஞ்சம் வளர்ந்ததுன்னா கொடுக்கைக் கடிச்சு எடுத்துட்டு உயிரோட குடுக்கும், இன்னும் வளர்ந்தா முழுசாக் குடுக்கும். குட்டி எந்த வயசுன்னு அதோட கத்தலை வச்சுத்தான் கணிக்கும். பெரிய குட்டியோட குரலைப் பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினதும், சின்னக் குட்டிங்களுக்கே உயிருள்ள தேளைக் கொண்டாந்து குடுத்துச்சுங்க.

அடுத்து சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. குட்டிக்கு மூணு மாசம் வாக்குல தாய் மான்குட்டியைக் கொல்லாமப் பிடிச்சுட்டு வந்து, குட்டிங்க முன்னாடி விட்டுடும். அதுங்க தட்டும், தள்ளும், ஓட விடும். தப்பிச்சா தாய் மறுபடி பிடிச்சுத் தரும். சில சமயம் இரையே கையை விட்டுப் போயிடும். அந்த நட்டத்தைத் தாய் ஏத்துக்குது.

சிங்கம் இந்தப் பரீட்சையில திணறுது.

கோட்டை அகழி

> சிங்கம் இந்தப் பரீட்சையில திணறுது.

எப்படிச் சொல்றீங்க? பெண்சிங்கம் பாதி உயிரோட பன்றிக்குட்டியைக் குட்டிங்க கிட்ட விட்டதைப் படத்துலயே காட்டியிருக்காங்களே.

ஜவ்வாது மலைச்சாரல்

நடக்கும், அரிதா. படம் எடுக்கறவங்க அரிதானதைத்தான் தேடி எடுப்பாங்க. அன்றாடம் நடக்காததுக்குக் காரணம் இரையோட எடையிலயே இருக்கு.

சிவிங்கிப்புலி குட்டிக்கு விடற தாம்சன் கெஸல் மான்குட்டி பொறந்த புதுசுல ரெண்டு மூணு கிலோ. குட்டியால அதை அமுக்க முடியும், அடி பட்டாலும் பெருசா படாது. சிங்கக் கூட்டம் பிடிக்கறது வில்டபீஸ்ட்ங்கற மாடு மாதிரி பெரிய மான், வரிக்குதிரை, காட்டெருமை. வில்டபீஸ்ட் 200 கிலோ, வரிக்குதிரை அதுக்கும் மேல, எருமை 500 தாண்டும். அதை அரை உயிரா நாலு மாசக் குட்டி முன்னாடி விட்டா பாடம் நடக்காது, சாவுதான் நடக்கும்.

ரெண்டாவது, சிவிங்கிப்புலித் தாய் ஒண்டி. பிடிச்ச இரை அவளோடது, பத்து நிமிஷம் குட்டிக்கு விட்டுக் குடுக்கலாம். சிங்கத்துக்குப் பக்கத்துலயே அக்கா, தங்கச்சி, சித்தின்னு பசியோட நிக்கும். ஆண்சிங்கம் வந்துட்டா அதுக்கப்புறம் பேச்சே இல்லை. உயிரோட விட்டு வச்சா குட்டி தொடறதுக்குள்ள பந்தி முடிஞ்சிடும்.

மூணாவதுதான் பெருசு: சிங்கக்குட்டிக்கு அவசரமே இல்லை. ரெண்டு வயசு வரைக்கும் கூட்டத்தோட உழைப்புல தின்னலாம். சிவிங்கிப்புலிக்குட்டி ஒண்ணரை வயசுலயே தாயை விட்டுப் பிரியணும், அதுக்குள்ள கத்துக்காட்டிப் பட்டினி. அவசரம் இருக்கற இடத்துலதான் தாய் செலவு பண்ணுது.

காட்பாடி கணக்கன்

அவ்வளவு பாடம் நடத்தியும் சிவிங்கிப்புலிக்குட்டி பிரியும்போது அரைகுறையாத்தான் இருக்கும்ங்கறதையும் சேர்த்துக்கோங்க. கூடப்பிறந்ததுங்க சில மாசம் ஒண்ணாவே திரியும். முயலு, மான்குட்டின்னு சின்னதைப் பிடிச்சே ஓட்டும். தாய் பாடம் நடத்தினா உடனே தேர்ச்சின்னு நினைச்சுக்க வேணாம்.

ஆலங்காயம்

எல்லாரும் தாயையே சுத்திச் சுத்தி வர்றீங்க. களத்துல என்ன தப்பு நடக்குதுன்னு பார்த்தா, எது பொறப்பு எது பழக்கம்னு தானா பிரியும். இளசுங்க சொதப்பற இடங்களை எழுதறேன்.

அதிகமா நடக்கறது முந்திப் பாயறது. சிங்கம் நீள ஓட்டக்காரன் இல்லை. வேகம் எடுத்தாலும் நூறு இருநூறு மீட்டர்ல மூச்சு வாங்கிடும், வரிக்குதிரை அதுக்குள்ள எட்டிடும். அதனால முப்பது மீட்டருக்குள்ள நெருங்கினாத்தான் நம்பிக்கை. பம்மறது பொறப்பு. ஆனா இன்னும் எவ்வளவு பொறுக்கணும், மான் தலை தூக்கினா எத்தனை நேரம் கல்லா உறைஞ்சு நிக்கணும், எந்தப் புல்லு மறைக்கும் எது மறைக்காதுங்கற கணக்கு பட்டுப் பட்டு வர்றது. ஒரு வயசு இளசு எழுபது எண்பது மீட்டர்லயே எழுந்து ஓடி, மொத்த மந்தையையும் கிளப்பி விட்டுடும். பெருசுங்களோட அரை மணி நேர உழைப்பு அவ்வளவுதான். அதுக்காக யாரும் அதைக் கடிச்சு விரட்டறதும் இல்லை, திருத்தறதும் இல்லை.

அடுத்தது பிடி. பெரிய இரையைத் தேர்ந்த பெண்சிங்கம் பின்னாலிருந்து பாஞ்சு, முன்னங்காலைத் தோள் மேலயோ தொடை மேலயோ போட்டு, தன் எடையாலேயே சாய்க்கும். விழுந்ததும் பின்னங்கால் எட்டாத பக்கமா வந்து குரல்வளையைக் கவ்வும், இல்லாட்டி மூக்கையும் வாயையும் சேர்த்து வாய்க்குள்ள அடைச்சுப் பிடிக்கும். பல்லு ரத்தக்குழாயைக் கிழிக்கறதைவிட மூச்சு அடைபடறதுதான் கொல்லுது. பல நிமிஷம் அசையாமப் பிடிச்சிருக்கணும். இளசு என்ன பண்ணும்? பின்தொடையைக் கவ்வும், வாலைக் கடிக்கும், வயித்தைக் கிழிக்கும். குரல்வளை கிடைச்சாலும் இரை ஒரு தடவை உதறினதும் விட்டுட்டு இடம் மாத்தும். கவ்வற ஆசை பொறப்பு, கவ்வற இடமும் விடாத பொறுமையும் பழக்கம்.

மூணாவது, இரை தெரியாம வாய் வைக்கறது. முள்ளம்பன்றி முள் ஏறின சிங்கங்கள்ல இளசும் ஆணும்தான் அதிகம். முள்ளு தாடையிலயோ பாதத்துலயோ ஏறிச் சீழ் பிடிச்சா வேட்டையே முடங்கிடும்.

ஒரு விநோதமும் இருக்கு. காத்துக்கு எதிரா நெருங்கினா வெற்றி கூடும். ஆனா 1960கள் கடைசில தான்சானியாவோட செரெங்கெட்டியில ஷாலர்ங்கற ஆய்வாளர் பார்த்தப்போ, சிங்கங்க காத்துத் திசையைப் பொருட்படுத்தின மாதிரியே தெரியலை. லாபம் கண்ணெதிர்ல இருந்தும் வயசான சிங்கம்கூடக் கத்துக்காத விஷயம் அது. பழகினா எல்லாம் வந்துடும்னு நினைக்கறவங்க இதை ஓரமாக் குறிச்சு வச்சுக்கலாம்.

பாகாயம் பூனைக்காரி

அப்ப விளையாட்டு? குட்டிங்க நாள் முழுக்க ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து பிடரியைக் கடிக்குதே, அது வேட்டைப் பயிற்சி இல்லையா?

சத்துவாச்சாரி விலங்கியல்

எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க, சான்று அவ்வளவு உறுதியா இல்லை. பூனைக்குட்டிகளை வச்சுப் பார்த்தப்போ, அதிகமா விளையாடினது பின்னாடி நல்ல வேட்டைக்காரனா வந்துச்சுன்னு காட்ட முடியலை. சின்ன வயசுலயே உண்மையான இரையைத் தொட்டுப் பழகினதுங்கதான் தெளிவா முந்துச்சுங்க. விளையாட்டால உடம்பு வலுக்கும், கூடப்பிறந்ததோட பலம் புரியும். வேட்டைக்கு அது நேரடிப் பாடம்னு எழுத மாட்டேன்.

காட்பாடி கணக்கன்

கூட்டு வேட்டையைப் பத்தி யாரும் எழுதலை. அதுதான் கத்துக்க வேண்டியதுல கஷ்டமானது. நமீபியாவோட எட்டோஷாவுல ஸ்டாண்டர் பண்ணின ஆய்வு 1992ல வந்துச்சு. திறந்த வெளியில வேட்டையாடும்போது சில பெண்சிங்கங்க ஓரமாச் சுத்தி வந்து வளைக்கும், சிலது நடுவுல பதுங்கிக் காத்திருக்கும். ஒவ்வொண்ணும் தடவைக்குத் தடவை தன் வழக்கமான இடத்தையே எடுத்துச்சு. அவங்கவங்க வழக்கமான இடத்துல நின்ன நாள்ல வெற்றி கூடுச்சு. ஓரக்காரி, நடுக்காரின்னு யாரும் பிரிச்சு விடறதில்லை. கூடப் போய்ப் போய் எந்த இடம் தனக்கு ஒத்து வருதோ அதுல உட்கார்றதுதான்னு நான் நினைக்கறேன்.

செரெங்கெட்டியில ஒண்டியாப் போனா ஆறு தடவைக்கு ஒரு தடவை கிடைக்கும், சேர்ந்து போனா மூணுக்கு ஒண்ணு. தேர்ந்த சிங்கத்தோட கணக்கே இதுதான். இளசோட கணக்கை இதுல இருந்து கழிச்சுப் பார்த்துக்கோங்க.

இன்னொண்ணு, காட்டுப்பன்றி மாதிரி ஒருத்தியே முடிச்சிடக்கூடிய இரைன்னா மத்ததுங்க உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். எருமை, வரிக்குதிரைன்னாத்தான் எல்லாரும் எழுந்திருப்பாங்க. சிங்கமா இருந்தாலும் ஓசிச் சோறுன்னா ஓசிச் சோறுதான்.

கோட்டை அகழி

தாயே இல்லாம வளர்ந்தா? அதுதானே சரியான சோதனை.

ஜவ்வாது மலைச்சாரல்

சிங்கத்துல எல்சா கதை எல்லாருக்கும் தெரியும். கென்யாவுல மனுஷங்க கையில வளர்ந்து, காட்டுல விடப்பட்டு, வேட்டையும் பழகி, 1959 கடைசில மூணு குட்டியும் போட்டுச்சு. ஆனா அதை வளர்த்த ஜார்ஜ் ஆடம்சன் இரையைச் சுட்டுக் குடுத்தே பழக்கினார், அதனால அதுக்கு ஆசானே இல்லைன்னு சொல்ல முடியாது.

நம்ம நாட்டுல புலி இருக்கு. மத்தியப் பிரதேசத்துப் பன்னா காப்பகத்துல 2009க்குள்ள புலி சுத்தமா அழிஞ்சு போச்சு. கன்ஹாவுல தாயை இழந்து அடைப்புல வளர்ந்த ரெண்டு பெண்புலிகளை 2011ல அங்க விட்டாங்க. தாய் முகத்தைச் சரியாப் பார்க்காததுங்க, அடைப்புக்குள்ள விட்ட மான்களைத் துரத்தியே பழகினதுங்க. காட்டுல இரையும் பிடிச்சது, குட்டியும் போட்டது. தாய் இல்லாம வேட்டை வரும்ங்கறதுக்கு இது போதும்.

வராதது வேற. மஹாராஷ்டிராவுல, ஆளைக் கொன்னுதுன்னு 2018ல சுட்டுக் கொன்ன அவ்னிங்கற புலியோட பெண்குட்டியை பெஞ்ச் காப்பகத்து அடைப்புல வளர்த்து 2021 மார்ச்ல காட்டுல விட்டாங்க. ஒரு வாரத்துல இன்னொரு பெண்புலியோட சண்டையில அடிபட்டுச் செத்துப் போச்சு. இரை பிடிக்கறது ஒரு பாடம், யாரோட எல்லையில நிக்கறோம்ங்கறது இன்னொரு பாடம்.

நம்ம வால்பாறையில 2021 செப்டம்பர்ல முடீஸ் எஸ்டேட்ல பிடிபட்ட புலிக்குட்டி உடம்புல முள்ளம்பன்றி முள். ஆலங்காயம் எழுதினது அப்படியே கண்ணுக்கு நேரா. அதுக்கு மந்திரிமட்டத்துல 10,000 சதுர அடியில அடைப்பு கட்டி வேட்டை பழக்கப் பார்த்தாங்க.

ஆலங்காயம்

குஜராத்தோட கிர் சிங்கத்தையும் ஒரு வரி சேர்த்துடலாம். 2025 கணக்கெடுப்புல 891. அங்க ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனியா இருக்கும், இனப்பெருக்கத்துக்கோ பெரிய இரைக்கோ சேரும். பெண்கள் கூட்டமும் சின்னது. புள்ளிமானை ஒருத்தியே சாய்க்கலாம், அதனால எட்டோஷா மாதிரி வளைச்சுப் பிடிக்கற தேவை குறைவு. இதோட மாடும் அங்க வழக்கமான இரை. தாய் மாட்டைக் கொண்டாந்து தின்னா குட்டிக்கும் மாடுதான் இரைன்னு பதியும். பூனைக்காரி சொன்ன வாழைப்பழம்தான் இது.

குடியாத்தம் பட்டி

இதான் எனக்கு வேணும். அப்ப நம்மூர்ல தாய்ச்சிறுத்தை குட்டியோட வந்து ஒரு தபா பட்டியில ஆடு தூக்கினா, குட்டிக்கும் ஆடுதான் இரைன்னு மண்டையில ஏறிடும். அப்பால அது வளந்து தனியா திரியும்போது நேரா பட்டிக்குத்தான் வரும். சரியா டீச்சர்?

சத்துவாச்சாரி விலங்கியல்

பெரிய அளவுல சரி. தாயை விட்டுப் பிரிஞ்ச புதுசுல இளஞ்சிறுத்தைக்கு மான் பிடிக்கற கை இன்னும் வந்திருக்காது, நல்ல காடு பெருசுங்க கையில இருக்கும். ஓரத்துக்குத் தள்ளப்பட்டு நாய், ஆடு, கோழின்னு சுலபமானதைத் தேடும். அதுல ஜெயிச்சுட்டா விட்டுடாது.

குடியாத்தம் பட்டி

இன்னா பண்ணலாம்? சொவரு நாலு பக்கமும் ஏத்திதான் கட்டியிருக்காங்க.

ஆலங்காயம்

அண்ணே, சுவர் மட்டும் ஏத்தறதுதான் கெடுதல். பத்தடிச் சுவரையும் சிறுத்தை தாவிடும். உள்ள குதிச்சது திரும்ப ஏற வழி தேடறதுக்குள்ள ஆடு கத்திக்கிட்டு ஓடும், டீச்சர் சொன்ன விசை அப்பதான் வேலை செய்யும், மொத்தப் பட்டியும் காலி. சுவர் அஞ்சடி இருந்தாலும் பரவாயில்லை, மேல கம்பி வலை போட்டு மூடணும். வலைக்கு நடுவுல முட்டுக் குடுங்க, இல்லாட்டி அது ஏறி நின்னாத் தொய்ஞ்சு கிழியும். கதவுக்குக் கீழ தலை நுழையற சந்து இருக்கக் கூடாது, மூங்கில் படல் வேணாம், தகரமோ பலகையோ போடுங்க. பட்டியைச் சுத்தி உண்ணிச்செடி, வேலிக்காத்தான் புதரை முப்பது மீட்டருக்கு வெட்டி விடுங்க. மேல எழுதின அதே முப்பது மீட்டர்தான், மறைவு இல்லாட்டி கிட்ட வர யோசிக்கும்.

ஆடு போயிட்டா உடலை நகர்த்தாம வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லிடுங்க. கழுத்துல கடித்தடம் பார்த்து எழுதினாத்தான் இழப்பீட்டு மனு நிக்கும். கடி பின்தொடையில இருந்தா நாயான்னு கேப்பாங்க, அதனால போட்டோவுல ரெண்டு இடமும் தெரியணும்.